தன்னார்வலரும் ஊழியரே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்ணுரிமை பேசும் தொண்டு நிறுவனங்கள் பலவற்றின் சுவரில் மார்ச் 8 சுவரொட்டி இருக்கிறது. அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டிய விசாகா கமிட்டி (பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் நிறுவன உள்குழு) உறுப்பினர் பட்டியலைத்தான் காணோம். அப்படி ஒட்டி வைப்பது சட்டப்படி கடமை.

கேட்டால், “சம்பள ஊழியர் ஏழெட்டுப் பேர்தான், மற்றவர்கள் தன்னார்வலர்கள்” என்கிறார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம் அப்படிப் பிரிப்பதில்லை. மதிப்பூதியம் வாங்குபவர், பயிற்சிக்கு வந்தவர், ஒரு பைசாவும் வாங்காதவர் எல்லாருமே அதன்படி ஊழியர்தான். பத்துப் பேர் தேறினால் குழு கட்டாயம். இந்தச் சட்டத்தின் வேரே ஒரு களப்பணியாளரிடம் இருக்கிறது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-இல் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பன்வாரி தேவி, அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராம அளவில் வேலை செய்தவர். அந்தக் கொடுமையை ஒட்டித் தொடரப்பட்ட வழக்கில்தான் 1997-இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன. அவற்றின் வழியே வந்ததுதான் 2013 சட்டம். களப்பணிப் பெண்ணை அதே சட்டத்துக்கு வெளியே நிறுத்துவது அநியாயம்.

தலைமை அலுவலகத்தில் ஒரு குழு இருந்தால் போதும் என்பதும் தவறு. தனித்தனி ஊரில் உள்ள ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனிக் குழு வேண்டும்.

குழு இருக்கும் இடங்களிலும் கோளாறு அதன் அமைப்பிலேயே தொடங்குகிறது. தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் வேண்டும், ஒருவர் வெளியிலிருந்து வர வேண்டும். நடப்பில் தலைவராவது இயக்குநரின் மனைவி. வெளி உறுப்பினர் இயக்குநரின் பழைய தோழர். இயக்குநர் மீதே புகார் என்றால் இவர்கள் என்ன விசாரிப்பார்கள்? வெளி உறுப்பினரைப் பெண் பணியாளர்கள் கூடிப் பரிந்துரைக்கட்டும். மூன்றாண்டுக்கு மேல் யாரும் நீடிக்கக் கூடாது. நிறுவனத் தலைவர் மீதான புகாரும், பத்துப் பேருக்குக் குறைவான அலுவலகத்தின் புகாரும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். அந்த முகவரியும் பட்டியலிலேயே இருக்கட்டும்.

புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். எழுத இயலாதவருக்கு எழுதித் தர உதவுவது குழுவின் வேலை. எதிர்த்தரப்புக்கு ஏழு வேலை நாளில் நகல் போக வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். “வெளியே தெரிந்தால் இயக்கத்துக்குக் கெட்ட பெயர், உட்கார்ந்து பேசி முடிப்போம்” என்று மூத்த தோழர்கள் இறங்கும்போதுதான் எல்லாம் குலைகிறது. சமரசத்தைப் புகார் கொடுத்த பெண் மட்டுமே கேட்கலாம். அதிலும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது.

இன்னொன்று, 11 மாத ஒப்பந்தம். கர்ப்பம் தெரிந்ததும் திட்டம் முடிந்தது என்று ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுகிறார்கள். கடந்த 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்த பெண்ணுக்குப் பேறுகாலப் பலன் உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அது செல்லும் என 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நிதி கேட்டு எழுதும் திட்ட வரைவிலேயே 26 வாரச் சம்பளத்துக்கும், அந்த நாள்களில் மாற்றாக வருபவருக்கும் தொகை ஒதுக்கினால் பிறகு கையைப் பிசைய வேண்டியதில்லை.

எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது என்பது ஆண்டறிக்கையில் வர வேண்டும். “புகார் இல்லை” என்றே ஆண்டுதோறும் எழுதும் நிறுவனங்களிடம், குழு உறுப்பினர் பெயர் களப்பணிப் பெண்களுக்குத் தெரியுமா என்று நிதி தருவோர் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தொண்டு நிறுவனப் பெண் பணியாளர்கள் சிலர்,
மதுரை