கயிறு இழுத்தும் கிளம்பாத மோட்டார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி துடுப்புப் போடக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்பதைப் படித்ததும் மனசு நிறைந்தது. அவளை முன்னால் உட்கார வைத்து நீ படகை ஓட்டும் நாளுக்குள் படகின் பின்னால் மாட்டும் அந்தப் பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரைச் சரிசெய்தாக வேண்டும். காலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போகிறது, பார்ப்பவர்கள் எல்லாம் புதுசு வாங்கச் சொல்கிறார்கள், மெக்கானிக் பவர் பேக்கை, அதாவது பிளக்கில் பொறி வரவைக்கும் மின்னணுப் பெட்டியை, மாற்றலாம் என்கிறார் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. எதையும் வாங்காதே, எதையும் விற்காதே.

நீ எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. காலையில் முதல் தடவை கிளப்புவதுதான் பெரும்பாடு. ஒருமுறை ஓடி நின்றுவிட்டால் அடுத்தது ஒரே இழுப்பில் பிடித்துக்கொள்கிறது, முழு வேகத்திலும் குறையில்லை என்கிறாய். அப்படியென்றால் இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச், கியர் நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற பாதுகாப்பு அமைப்பு, இதெல்லாம் சரியாகவே இருக்கின்றன. பவர் பேக் செத்திருந்தால் சூடான பிறகும் படுத்தும். சொல்லப்போனால் மின்சாரப் பாகங்கள் பெரும்பாலும் சூடேறிய பிறகுதான் மக்கர் செய்யும். பொறிக்கான காயிலுக்குள் கம்பி அறுந்திருந்தால் ஓடி ஓடிச் சூடானதும் நிற்கும், ஆறினால் மறுபடி ஓடும். உன்னுடையது அதற்கு நேர் எதிர். அதனால் எனக்கு முதல் சந்தேகம் பெட்ரோல் மேல்தான்.

குளிர்ந்த இன்ஜினுக்குள் போகும் பெட்ரோலில் கொஞ்சம்தான் ஆவியாகும், மீதி உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். எரிவது ஆவிதான். அதனால்தான் சோக் போட்டு, காற்றைக் குறைத்து, பெட்ரோலை அளவுக்கு மேல் கொடுக்கிறோம். வழியில் எங்கேயாவது பெட்ரோல் கொஞ்சம் குறைந்தாலும் சூடான இன்ஜின் பொறுத்துக்கொள்ளும், குளிர்ந்த இன்ஜின் பொறுக்காது.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரே ஒரு சோதனை செய். இரவு முழுக்கச் சும்மா இருந்த மோட்டாரை வழக்கம்போல் சோக் போட்டு நாலைந்து தடவை இழு. கிளம்பாவிட்டால் உடனே இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி முனையைப் பார். காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவே இல்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பற்றவைக்கும் பொறிதான் போதவில்லை. ஒன்று நனைந்து மற்றது காய்ந்திருந்தால் அதையும் குறித்துவை. ஒரே கார்புரேட்டர் இரண்டு சிலிண்டருக்கும் ஊட்டும்போது அப்படி வந்தால், காய்ந்த பக்கத்தில் கலவையை உள்ளே விடும் ரீட் வால்வையோ, கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் சீலையோ சந்தேகப்பட வேண்டும். எந்த சிலிண்டரில் எந்த பிளக் இருந்தது என்று மாறிப்போகாமல் பார்த்துக்கொள்.

காய்ந்துதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் முதலில் டாங்கில் கிடக்கும் பெட்ரோலை மற. போன பருவத்தில் ஊற்றியதாகத்தானே இருக்கும்? பெட்ரோல் என்பது ஒரே பொருள் கிடையாது, லேசானதும் கனமானதுமாகப் பல சேர்ந்த கலவை. மாதக்கணக்கில் கிடந்தால் முதலில் பறந்துபோவது அந்த லேசான பங்குதான், குளிரில் பற்றிக்கொள்ள உதவுவதும் அதேதான். ஆக, பழைய பெட்ரோலில் மோட்டார் ஓடும், ஆனால் குளிர்ந்த நிலையில் கிளம்ப அடம்பிடிக்கும். எத்தனால் கலந்ததென்றால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டாங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். டாங்கின் குழாய் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். ஒரு சின்ன கேனில் புது பெட்ரோலும் ஆயிலும் கலந்து, அதிலிருந்து ஓட்டிப் பார். உன்னுடையது எண்பதுகளின் மாடல், அதனால் 50-க்கு 1 என்ற அளவாகத்தான் இருக்கும். லிட்டருக்கு 20 மில்லி. இருந்தாலும் மோட்டாரின் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள். தண்ணீரால் குளிரும் அவுட்போர்டுக்கென்றே வரும் டி.சி.-டபிள்யூ.3 ஆயில்தான் வேண்டும், காருக்கு ஊற்றும் ஆயில் ஆகாது.

அடுத்தது பெட்ரோல் ஹோஸின் நடுவில் இருக்கும், கையால் அழுத்திப் பெட்ரோலை ஏற்றும் ரப்பர் பல்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் என் அனுபவத்தில் காலைத் தகராறுகளில் பெரும்பாலானவை டாங்குக்கும் மோட்டாருக்கும் இடையில் உள்ள அந்த ஹோஸில்தான் முடிகின்றன. டாங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திற. பல்பில் உள்ள அம்புக்குறி மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். அந்த முனை மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு அழுத்து. சில அழுத்தல்களில் கல் மாதிரி இறுகிவிட வேண்டும். இறுகவே இல்லை, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் வழியவில்லை என்றால் பல்பின் வால்வு போயிருக்கும், அல்லது எங்கோ காற்று புகுகிறது. இறுகாமல் கார்புரேட்டர் வாயிலிருந்து வழிந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் மிதவையோடு சேர்ந்து அசையும் ஊசி சரியாக அடைக்கவில்லை. இறுகிய பல்பு, எங்கேயும் ஒரு சொட்டுக்கூடக் கசியாமலே சில நிமிடங்களில் தளர்ந்துவிட்டால் பெட்ரோல் டாங்குக்கே திரும்பி இறங்குகிறது. இரவெல்லாம் அப்படி இறங்கினால் காலையில் ஹோஸில் காற்றுதான் இருக்கும்.

பெட்ரோல் வெளியே கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், காற்று உள்ளே கசிந்தால் தெரியாது. இதுதான் இதில் உள்ள சங்கடம். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் எவ்வளவு இழுத்தாலும் தண்ணீர் ஏறாது பார், அதே கதை. மோட்டாரில் செருகும் கனெக்டருக்குள் இருக்கும் சின்ன ஓ-ரிங்கைப் பார், காய்ந்து வெடித்திருக்கும். ஹோஸ் மாட்டிய இடங்களில் பழைய பிளாஸ்டிக் கட்டு இருந்தால் கழற்றிவிட்டு நல்ல கிளாம்ப் போடு. பல்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் கொஞ்ச தூரம் பெட்ரோல் தாங்கும் ஒளி ஊடுருவும் குழாயைத் தற்காலிகமாக வைத்தால் குமிழி ஓடுவது தெரியும். மோட்டார் ஓடும்போது பல்பு சப்பிப்போனால் கோளாறு பல்புக்கு முன்னால், காற்றுத் திருகிலோ டாங்க் அடி வடிகட்டியிலோ இருக்கிறது. ஹோஸ் ரொம்பப் பழசு என்றால் யோசிக்காமல் பல்போடு சேர்த்து மாற்றிவிடு. உள்சுவர் உரிந்து வழியை அடைப்பது வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது.

பெட்ரோல் பம்ப் போயிருக்குமோ என்று கேட்டிருந்தாய். பல்பை இறுக்கிவிட்டால் கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்துவிடும், கிளப்புவதற்கு அதுவே போதும். கிளம்பிய பிறகு தொடர்ந்து ஊட்டத்தான் பம்ப். கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் மூச்சுத் திணறினால், அப்போது பல்பை அழுத்தியதும் தெளிந்தால், பம்பின் டயாபிரமை, அதாவது உள்ளே இருக்கும் சவ்வைப் பார்க்கலாம். உனக்கு அந்தக் குறி இல்லை.

சோக்கை வெளியே இழுத்தால் வேலை செய்கிறது என்று நம்பிவிடாதே. முன்பக்க மூடியைக் கழற்றி, கார்புரேட்டர் வாயில் உள்ள தகடு உண்மையில் முழுசாக மூடுகிறதா என்று கண்ணால் பார். இத்தனை வருஷத்தில் இணைப்புக் கம்பி தேய்ந்து, குமிழை முழுக்க இழுத்தும் தகடு முக்கால்தான் மூடியிருக்கும். அந்த மிச்ச இடைவெளி போதும், உன் தோளை நோகடிக்க. கூடவே, நியூட்ரலில் திராட்டிலை ஸ்டார்ட் குறி வரை திருப்பி வைக்கிறாயா? அதை விட்டுவிட்டு இழுப்பவர்கள் நிறையப் பேர்.

இவ்வளவும் செய்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், கலந்த பெட்ரோலைச் சின்னப் பீச்சான் பாட்டிலில் எடுத்துக் கார்புரேட்டர் வாயில் ஒரு பீச்சு பீச்சிவிட்டு, கையையும் பாட்டிலையும் எட்ட வைத்துக்கொண்டு இழு. பற்றிக்கொண்டு சில வினாடி ஓடி நின்றால் பொறி நன்றாக இருக்கிறது, கம்ப்ரஷனும் (பிஸ்டன் சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அழுத்தம்) ஓரளவு இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை. ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே மட்டும் வேண்டவே வேண்டாம். டூ-ஸ்ட்ரோக்குக்கு ஆயில் பெட்ரோலோடுதான் போகிறது. அந்த ஸ்ப்ரே இருக்கிற ஆயிலையும் கழுவிவிடும், வெடிப்பும் முரட்டுத்தனமாக இருக்கும்.

சரி, பிளக் நனைந்திருந்தால்? அப்போது பொறியைப் பார்க்க வேண்டும். புது பிளக், கையேடு சொல்லும் அதே எண், அதே இடைவெளி. (கண்புரை அறுவை முடிந்ததிலிருந்து அந்த இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் எண்களைப் பூதக்கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன், அந்தச் சந்தோஷத்தை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.) பிளக்கை இன்ஜினின் சிலிண்டர் தலையில் தொடவைத்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பது போதாது. வெளிக்காற்றில் சின்ன இடைவெளியைத் தாண்டும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாண்டாமல் போகலாம். இடைவெளியை மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்கு. இந்த மாதிரி மோட்டார்களில் பொறி சுமார் 11 மி.மீ. தூரத்தை நீலமாக, சடக்கென்ற சத்தத்தோடு தாண்ட வேண்டும். ஃப்ளைவீல் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு மின்சாரம். கையால் இழுக்கும்போது வேகம் குறைவு, ஆகவே பலவீனமான பொறி முதலில் காட்டிக்கொடுப்பது ஸ்டார்ட் செய்யும்போதுதான். பொறி சுமார் என்றால் பவர் பேக்குக்கு முன், அதிலிருந்து போகும் ஸ்டாப் வயரைக் கழற்றிவிட்டுப் பார். பொறி பலப்பட்டால் கோளாறு சுவிட்சிலோ வயரிலோ இருக்கிறது, பேக்கில் இல்லை. தரை இணைப்புகளையும் சுரண்டிப் பளபளவென்று ஆக்கு. அந்த வயர் கழன்றிருக்கும்போது மோட்டார் பிடித்துக்கொண்டால் சுவிட்சால் நிறுத்த முடியாது, சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும், அதை மனசில் வை.

கம்ப்ரஷன் பார்ப்பது ரொம்ப எளிது, ஆனால் ஏனோ எல்லாரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். இரண்டு பிளக்கையும் கழற்று, பிளக் வயர்களைத் தரைக்கு இணை, சோக்கைத் திற, திராட்டிலை முழுக்கத் திற, மீட்டரைத் திருகி, முள் நிற்கும் வரை இழு. எண் எவ்வளவு என்பதைவிட இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமா என்பதுதான் முக்கியம். வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. இரண்டுமே 90 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் குளிரில் கிளம்பச் சிரமப்படும் என்பதில் ஆச்சரியமில்லை. அப்போதும் கை கழுவிவிடாதே. கரி பிடித்து ஒட்டிக்கொண்ட ரிங்குகள், கரி நீக்கும் திரவம் ஊற்றி ஊறவைத்தால் சில சமயம் விடுபடும்.

கார்புரேட்டரைக் கடைசியாகத்தான் திறக்க வேண்டும். திறந்தால், மெதுவேகத் திருகை முதலில் மெல்ல உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எழுதிவைத்துவிட்டுக் கழற்று. நுண் துளைகளில் இரும்புக் கம்பி விடாதே, துளை பெரிதாகிவிடும். நைலான் தூண்டில் நரம்பு போதும். குளிரில் கிளம்புவதும் மெதுவாக ஓடுவதும் அந்த நுண் துளைகளை நம்பித்தான். முழு வேகத்துக்குப் பெரிய ஜெட் வேறு, அதனால்தான் அவை அடைத்திருந்தாலும் வேகத்தில் குறை தெரியாது. ஹோஸ், சோக் இரண்டும் சுத்தம் என்றால் என் அடுத்த பந்தயம் இதில்தான்.

எந்தச் சோதனையானாலும் தண்ணீர் இல்லாமல் ஓட்டாதே, தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும். டிரம்மில் ஓட்டுவதென்றால் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடு. கவ்லிங் எனும் மேல்மூடி மூடாத மோட்டாருக்குப் பக்கத்தில் பெட்ரோல் கேனைத் திறந்து வைக்காதே. காற்றோட்டமான இடமாகப் பார்.

புது ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கச் சொல்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. நம் பழைய டூ-ஸ்ட்ரோக் தன் பெட்ரோலில் கால் பங்கு வரைகூட எரிக்காமலே தண்ணீரில் விட்டுவிடும். அதை நினைத்து நீ மாற்றினால் நான் மதிப்பேன். ஆனால் கிளம்பவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, காய்ந்துபோன ஓ-ரிங் ஒன்றுக்காக, கழற்றினால் ஒவ்வொரு பாகமும் கைக்குப் புரிகிற ஒரு மோட்டாரை விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இத்தனை வருஷம் நம்மை ஒருமுறைகூட நடுத்தண்ணீரில் நிறுத்தியதில்லை அது.

இரண்டு பிளக்கும் நனைந்திருந்தனவா காய்ந்திருந்தனவா, கம்ப்ரஷன் எண்கள் என்ன, பல்பு எவ்வளவு நேரம் இறுகி நின்றது, இந்த மூன்றையும் எழுது. சோக் தகட்டைப் பார்க்கும்போது முடிந்தால் படமும் எடுத்து அனுப்பு. அதுவரை தோளுக்கு ஓய்வு கொடு.

அன்புடன்,
உன் பழைய தோழன்