தேய்ந்த பக்கெட்டில் சாக்பீஸ் கோடு

பட்டர்வொர்த்,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. மகளுக்கு ஆண் குழந்தை என்று படித்ததும் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்க என் மனைவி அன்றைக்கே பத்தியப் பொடி இடித்துவிட்டாள். மச்சினன் அடுத்த வாரம் கோலாலம்பூர் வருகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். இங்கே எல்லாரும் நலம். முட்டிவலிக்கு மட்டும் தினமும் எண்ணெய் போட வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒருநாள் சும்மா ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போய் வந்தேன். 2023இல் வந்த புதுப் படகுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. ஆனால் நீயும் நானும் பள்ளி முடிந்து மேல்தட்டில் காற்று வாங்கிக்கொண்டு நின்ற அந்தப் பழைய படகுகளை நினைத்துக்கொண்டேதான் போனேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மருமகன் மணல் யார்டுக்கு மணல் அள்ளும் பழைய லோடர் வண்டி வாங்கியிருக்கிறார், அதன் முன்னால் இருக்கும் அள்ளும் பக்கெட் தேய்ந்துபோய்விட்டது, புதிதாகச் செய்தால் எத்தனை மில்லிமீட்டர் தகடு போடலாம் என்று கேட்டிருக்கிறாய். பாலிடெக்னிக்கில் நீ எத்தனை வருஷம் பாடம் நடத்தியவன்! ஆர்ச்சர்டு 1953இல் எழுதிய தேய்மான விதியை எனக்குப் புரியவைத்ததே நீதான். அழுத்தம் கூடினால் தேய்மானம் கூடும், உரசும் தூரம் கூடினால் கூடும், கடினம் கூடினால் குறையும் என்று நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் காகிதத்தின் பின்பக்கம் எழுதிக் காட்டினாய். அந்த மூன்றில் கடினத்தை மட்டும்தான் தகடு விற்பவர் விற்கிறார். அழுத்தமும் தூரமும் பக்கெட்டின் வடிவத்திலும், அதை ஓட்டுகிறவன் கையிலும் இருக்கின்றன. அதனால் எத்தனை மில்லி என்ற கேள்விக்கு நான் இப்போது பதில் சொல்ல மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு கல் குவாரிக்கு வேலை செய்தேன். மூன்று கன மீட்டர் பக்கெட். அடித்தகடு ஓட்டையாகிவிட்டது. தவுக்கே, அதாவது குவாரி முதலாளி, வந்து, "இருப்பதிலேயே தடிப்பானதைப் போடு" என்றார். நானும் 16 மி.மீ. இருந்த இடமெல்லாம் 25 மி.மீ. சாதாரண இரும்புத் தகடு போட்டேன். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லி தடிப்பு என்றால் 7.85 கிலோ. அந்தப் பக்கெட்டில் தகட்டுப் பரப்பு சுமார் 6 சதுர மீட்டர். கூடுதலாக 9 மில்லி போட்டால் 424 கிலோ. லோடர் தூக்கக்கூடிய எடையில் அந்த 424 கிலோ ஒவ்வொரு வாரிக்கும், அதாவது அள்ளும் ஒவ்வொரு தடவைக்கும், போய்விட்டது. முன்பு நான்கு வாரியில் நிறைந்த லாரிக்கு ஐந்தாவது வாரி தேவைப்பட்டது. அதை மீறி அள்ளினால் பின் டயர் தரையில் பிடிக்கவில்லை என்று டிரைவர் புலம்பினார். இத்தனைக்கும் அடுத்த வருஷமே அதே இடத்தில் ஓட்டை. கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ், கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் 7. நாம் போடும் மிகக் கடினமான எஃகையே அது கீறும். சாதாரண இரும்பு எத்தனை தடிப்பாக இருந்தால் என்ன, அதற்குச் சோப்புக்கட்டிதான்.

அந்தப் பக்கெட் திரும்பி வந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. வெட்டி எறிவதற்கு முன் அதைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டு, பத்து சென்டிக்கு ஒரு கோடு என்று சாக்பீஸால் கட்டம் போட்டேன். என் இளைய மகன் நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் குந்திக்கொண்டான். தகட்டின் தடிப்பை அளக்கும் அல்ட்ராசோனிக் கருவியை ஒவ்வொரு கட்டத்திலும் வைத்து நான் எண்ணைச் சொல்ல, அவன் எழுதினான். உதட்டுக்கு, அதாவது கல்லைக் குத்தும் முன்விளிம்புக்கு, பின்னால் 11, 9. குதிகாலில், அதாவது அடித்தகடு வளைந்து மேலே ஏறும் இடத்தில், 6, 5, ஓட்டையின் ஓரத்தில் 4. ஆனால் முதுகுத் தகட்டின் மேல்பாதியில் 25, 25, 24.5. அங்கே பெயின்ட்கூடப் போகவில்லை. வாங்கிய இரும்பில் பாதியை ஒரு வருஷமாகச் சும்மா தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வலது மூலை இடது மூலையைவிட நன்றாக உருண்டு போயிருந்தது. ஏன் என்று புரியாமல் ஒருநாள் காலை குவாரிக்கே போய் ஓரமாக நின்று பார்த்தேன். லாரி எப்போதும் இடப்பக்கம்தான் நின்றது. டிரைவர் குவியலுக்குள் நுழையும்போதே வண்டியைத் திருப்ப ஆரம்பித்துவிடுவார், வலது மூலைதான் முதலில் கல்லைக் குத்தும். அள்ளி முடித்ததும் பக்கெட்டைத் தரையில் அழுத்திப் பின்னால் இழுத்து இடத்தைச் சமன் செய்வார். குதிகால் 4 மில்லி ஆனதற்குக் காரணம் அதுதான். அவரிடம் உட்கார்ந்து பேசினேன். நல்ல மனிதர், இதை யாருமே தன்னிடம் சொன்னதில்லை என்றார். நேராக நுழைந்து, நிரம்பிய பிறகு திரும்பவும், சமன் செய்யும்போது அழுத்தாமல் விடவும் பழகிக்கொண்டார். என்னைக் கேட்டால், அந்த ஒரு காலைப்பொழுது எந்தத் தகட்டையும்விட அதிகம் மிச்சப்படுத்தியது.

அதற்குப் பிறகு செய்த பக்கெட்டில் எடை முன்பைவிடக் குறைந்தது, ஆனால் ஆயுள் கூடியது. முதுகின் மேல்பகுதிக்கு 12 மில்லி போதும். அடித்தகடு 450 பிரினெல் (இதுவும் கடினத்தின் அளவுதான்) தரத் தேய்மானத் தகடு. சாதாரண இரும்பு 120, 150 பிரினெல்தான் வரும், உனக்குத் தெரியாததில்லை. குதிகாலுக்கு வெளியே தனியாகப் பட்டைகள் வைத்தேன். தேய்ந்தால் அவற்றை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாம், உடம்பில் கை வைக்க வேண்டாம். உதட்டிலும் அப்படித்தான், போல்ட் போட்ட வெட்டு விளிம்பு. ஒரு பக்கம் தேய்ந்ததும் கழற்றித் திருப்பிப் போடலாம். சைக்கிள் பிரேக் கட்டையை மாற்றுவது போல. பக்கெட்டில் எது தேய வேண்டும் என்பதை நாமே முடிவு செய்து வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கல் முடிவு செய்துவிடும்.

உதட்டை நீட்டச் சொல்லிச் சிலர் கேட்பார்கள், நிறைய அள்ளலாமே என்று. அது கூடாது. பக்கெட் சுழலும் அச்சாணியிலிருந்து விளிம்பு எத்தனை தூரமோ அத்தனைக்குப் பெயர்க்கும் விசை குறையும். கடப்பாரையில் கல்லிருக்கும் பக்கத்தை நீட்டிவிட்டுக் கையழுத்தத்தைக் கூட்டுவது போல ஆகிவிடும்.

மூலை மட்டும் புதைந்த பாறையில் முட்டும்போது பக்கெட் முழுவதும் முறுக்கிக்கொள்கிறது. தேய்மானத்தைத் தாங்குவது வேறு, இந்த முறுக்கைத் தாங்குவது வேறு. தகட்டைத் தடிப்பாக்கி முறுக்கைத் தடுக்க நினைத்தால் எடைதான் ஏறும். பிவிசி குழாய் ஒன்றை எடுத்துக் கையால் முறுக்கிப் பார், அசையாது. அதையே நீளவாக்கில் ஒரு கோடு அறுத்துவிட்டு முறுக்கிப் பார், துணி போலத் திரும்பும். அதனால்தான் பக்கெட்டின் முதுகில், லோடர் கை பிடிக்கும் இடத்தில், மூடிய பெட்டி போல ஒரு குறுக்குக் குழாய் வைக்கிறோம். செலவைக் குறைக்க அதைத் திறந்த கோணமாக விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கெட்டுகள் எல்லாம் மூலையில் விரிசலோடு என்னிடம் வந்து சேர்கின்றன.

கடினமான தகடு போட்டால் போதும் என்று நானும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை உடைந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். நவம்பர், வடகிழக்கு மழை. 500 பிரினெல் தரத்தில் 25 மில்லி விளிம்பு. அவசர வேலை. வெல்டிங்குக்கு முன் தகட்டைச் சூடாக்கும் முன்சூடு சரியாகக் கொடுக்கவில்லை. வெல்டிங் குச்சிகளும் அன்று சூட்டுப்பெட்டிக்கு வெளியே கிடந்து ஈரம் குடித்திருந்தன. வெல்டிங் தையல் பார்க்க அழகாக இருந்தது. மறுநாள் காலை பட்டறையைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் தையல் ஓரமாக ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழை விரிசல். ஈரத்திலிருந்து வந்த ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, ஆறிய பிறகு தன் வேலையைக் காட்டியிருக்கிறது. அது இரண்டு நாள் கழித்துக்கூட வெடிக்கும். அன்றிலிருந்து என் பட்டறையில் முன்சூடு இல்லாமல் யாரும் ஆர்க் அடிக்கக் கூடாது. காற்றில் ஈரம் அதிகமென்றால் இன்னும் 25 டிகிரி கூட்டிக்கொள்கிறோம். நம் பினாங்கில் எந்த நாள்தான் ஈரமில்லை? அதே சமயம் சூட்டுக்கும் வரம்பு உண்டு. இந்தத் தகடுகள் சூடேற்றித் தணித்துக் கடினமாக்கப்பட்டவை. 250 டிகிரியைத் தாண்டினால் காசு கொடுத்து வாங்கிய கடினம் குறைய ஆரம்பித்துவிடும்.

மூலையில் தையலைத் தொடங்கவோ முடிக்கவோ கூடாது என்பதும் இந்தப் பாடத்தில் சேர்ந்ததுதான். மூலையிலிருந்து ஐந்து சென்டியாவது தள்ளித் தொடங்கி, மூலையை நிற்காமல் சுற்றி வர வேண்டும். இந்தத் தகட்டுக்குக் கடினமான குச்சிதான் வேண்டும் என்று பையன்கள் நினைக்கிறார்கள். தலைகீழ். தையல் தகட்டைவிட மென்மையாக இருந்தால்தான் இழுவைக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். தேய்கிற முகத்தில் மட்டும் மேலே கடினமான குச்சியால் பூச வேண்டும்.

மாங்கனீஸ் எஃகு பற்றியும் கேட்டிருந்தாய். ஹேட்ஃபீல்டு 1882இல் கண்டுபிடித்த அந்த எஃகு எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். முதலில் மென்மையாக இருந்து, அடி வாங்க வாங்க மேல்தோல் இறுகிக்கொண்டே போகும். கல் உடைக்கும் இயந்திரத்தின் தாடைக்கு அதை விட்டால் வேறில்லை. ஆனால் மணல் அடிக்காது, உரசத்தான் செய்யும். அடி இல்லாத இடத்தில் அது இறுகாது, மென்மையாகவே தேய்ந்து போகும். மருமகனுக்கு வேண்டாம்.

பிறைத் துறைமுகப் பக்கம் உரம் அள்ளும் லோடர்களும் எனக்கு வருகின்றன. அங்கே எதிரி துரு. அது தகட்டின் கடினத்தைப் பார்ப்பதில்லை. தினமும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவு, பெயின்ட் உரிந்த இடத்தை விடாதே என்று சொல்லி அனுப்புகிறேன்.

மணல் யார்டு என்றால் பல் வேண்டாம், நேர் விளிம்பு போதும். பல் வைத்தால் தரையைக் கீறி மணலோடு மண்ணையும் அள்ளும். அடி விழாத இடம் என்பதால் 500 தரத்தைத் தைரியமாகப் போடலாம். கடினப் பூச்சு வைப்பதானால் மணல் ஓடும் திசைக்குக் குறுக்கே வரி வரியாக வைக்க வேண்டும். வரிகளுக்கு நடுவே மணல் தங்கி அடைத்துக்கொள்ளும், பிறகு மணல்மேல்தான் மணல் உரசும். பெரிய கல்லுக்கு இதற்கு நேர்மாறு. கல் வழுக்கிக்கொண்டு போகும்படி ஓட்டத்தோடு சேர்த்து நீளவாக்கில் வைக்க வேண்டும். அடியிலும் பின்னாலும் கூர்மூலை இல்லாமல் நல்ல வளைவாக இருக்கட்டும். ஈர மணல் கூர்மூலையில் அப்பிக்கொண்டால் கொட்டும்போது பாதி திரும்பி வந்துவிடும்.

இதெல்லாம் பொதுவாகச் சொல்லக்கூடியது. அவருடைய பக்கெட்டில் மணல் எந்த வழியாகப் போகிறது என்பது எனக்குத் தெரியாது, அது அந்தப் பழைய பக்கெட்டுக்குத்தான் தெரியும். அதனால் அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட வேண்டாம் என்று இன்றைக்கே அவரிடம் சொல். தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, குப்புறக் கவிழ்த்து, பத்து சென்டிக்கு ஒரு சாக்பீஸ் கோடு போடட்டும். அளக்கும் கருவியை நான் மச்சினனிடமே தந்துவிடுகிறேன், அவன் திரும்பி வரும்போது நீ கொடுத்து அனுப்பலாம். நீயும் கூட நின்று எண்களை எழுது. இடது வலது மூலைகளுக்குத் தனித்தனியாகப் படம் எடு. பக்கெட்டின் உள்பக்கத்தையும் மறக்காதே. டிரைவர் வேலை செய்வதை ஒரு பத்து நிமிஷம் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது, ஆனால் முதலில் அவரிடம் கேட்டுவிட்டு எடு.

அது வந்த பிறகுதான் காகிதத்தில் கோடு போடுவேன், தகடு விலையும் அப்புறம்தான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். அதற்குள் எண்கள் கைக்கு வந்துவிட்டால் படத்தை நாம் இரண்டு பேருமே உட்கார்ந்து போடலாம். பேரனையும் கூட்டிக்கொண்டு வா.

உன் கூட்டாளி