அரையாண்டு முடிந்தது, சைக்கிள் பயணம் தொடர்பாகச் சில செய்திகள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பொங்கல் நல்லபடியாக முடிந்திருக்கும். சங்கராந்திக்குத் தடா, சூளூர்பேட்டைப் பக்கம் சொந்த ஊருக்குப் போனவர்களும் திரும்பியிருப்பீர்கள்.

அரையாண்டுத் தேர்வு முடிவுகள் திருப்தியாக உள்ளன. கபடி, கோ-கோ, பேச்சுப் போட்டி எல்லாவற்றிலும் நம் பிள்ளைகள் கலந்துகொண்டு பரிசு வாங்கியிருக்கிறார்கள். மழைக்குக் குளமாகிக் கிடந்த மைதானத்தில் மண் கொட்டிச் சமன் செய்தாகிவிட்டது. கழிப்பறைக் கதவுகள் மாற்றப்பட்டுவிட்டன. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்பதாம் வகுப்பும் பதினோராம் வகுப்பும் சேர்ந்து, சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்கள் எல்லாவற்றையும் மேலே சைக்கிளிலேயே போய்ப் பார்த்துவர ஒரு பயணம் திட்டமிட்டு வருவது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது என்னவென்று நான்கு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ரேஸ் என்கிறார்கள் சிலர். மெட்ரோவில் சைக்கிளை ஏற்றிப் போவதாகச் சிலர். ஒரு தந்தை, நம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கே மெட்ரோ வரப்போகிறது, அதற்கான விளம்பரம் இது என்று டீக்கடையில் அடித்துச் சொன்னாராம். மெட்ரோவின் இரண்டாம் கட்டத் திட்டத்தில் மாதவரம் – சிப்காட் என்று ஒரு தடம் இருப்பது உண்மைதான். அந்த சிப்காட் சிறுசேரியில் இருக்கிறது, கும்மிடிப்பூண்டியில் இல்லை.

உண்மையில் நடந்தது இதுதான். புவியியல் ஆசிரியர் வகுப்பில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துச் சுரங்க ரயிலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். 1896-ல் தொடங்கிய ரயில் அது. ஒரே வட்டம், 15 நிலையங்கள், ஒரு சுற்று பத்தரை கிலோமீட்டர். 'அப்படியானால் மேலே சைக்கிளிலேயே எல்லா நிலையத்தையும் பார்த்துவிடலாமே சார்' என்று ஒரு பையன் கேட்க, 'சென்னையில் முடியுமா, போட்டுப் பார்' என்று ஆசிரியர் சொல்ல, அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

சென்னை மெட்ரோவில் இப்போது ஓடும் தடங்களில் பூமிக்கு அடியில் இருப்பவை 21 நிலையங்கள். வடக்கே தண்டையார்பேட்டையில் தொடங்கி தியாகராயா கல்லூரி, வண்ணாரப்பேட்டை, மண்ணடி, உயர்நீதிமன்றம் வழியாக சென்ட்ரல். அங்கே தடம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று எழும்பூர் வழியாகத் திருமங்கலம் வரை, இன்னொன்று அண்ணா சாலைக்கு அடியில் சைதாப்பேட்டை வரை. மெட்ரோ வரைபடத்தை நம்பினால் ஒரு கிளையை முடித்துவிட்டு வந்த வழியே சென்ட்ரலுக்குத் திரும்ப வேண்டும். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, திருமங்கலத்திலிருந்து நூறடி ரோட்டைப் பிடித்து கோயம்பேடு, வடபழனி, அசோக் பில்லர் என்று கீழே இறங்கிச் சைதாப்பேட்டையில் சேர்ந்துவிடலாம் என்று கண்டுபிடித்தாள். அங்கிருந்து அண்ணா சாலையில் வடக்கே வந்தால் 21-வது நிலையமான அரசினர் தோட்டத்தில் முடியும். மொத்தம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். நூறடி ரோட்டில் தலைக்கு மேலேயே மெட்ரோ ஓடும், ஆனால் அந்த நிலையங்கள் கணக்கில் வராது. ராயபுரத்தைச் சேர்க்கச் சொல்லி ஒருவன் இரண்டு நாள் வாதாடினான். 1856-லேயே ரயில் கிளம்பிய நிலையம் என்றாலும் அது தரைக்கு மேலே இருக்கிறது என்று சக மாணவர்களே தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

மேம்பாலத்து நிலையம் தூரத்திலிருந்தே தெரியும். அடியில் இருப்பதை வாசலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். செனாய் நகர் நிலையம் திரு.வி.க. பூங்காவுக்கு அடியில் இருக்கிறது. தண்டையார்பேட்டை என்று ரயில்வே நிலையம் ஒன்று, மெட்ரோ நிலையம் வேறொன்று. இதையெல்லாம் பிள்ளைகள் ஒரு சார்ட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். 2017 மே 14 அன்று திருமங்கலம் – நேரு பூங்கா இடையே சென்னையின் முதல் சுரங்க ரயில் ஓடியதிலிருந்து, 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை தடம் நீண்டது வரை எல்லாத் தேதியும் அதில் இருக்கின்றன. பள்ளிக்கு வரும்போது பாருங்கள். நான் இந்தப் பள்ளியில் பார்த்த நல்ல சார்ட்டுகளில் அது ஒன்று.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம்.

போன இரண்டாம் சனிக்கிழமை காலை, நம் அலுவலக ஊழியர் ஒருவர் பைக்கில் வந்துகொண்டிருந்தபோது, சென்னை ஹைவேயில் தச்சூர் கூட்டுச்சாலைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை ஓரத்தில் நம் பள்ளி பி.டி. பனியன் போட்ட ஐந்து பேரைப் பார்த்திருக்கிறார். ஐந்து பிள்ளைகளுக்கு நான்கு சைக்கிள். ஒருவன் கேரியரில் உட்கார்ந்து வந்திருக்கிறான். ஒரு சைக்கிளில் செயின் கழன்று, மாட்டிய பையனின் கை முழங்கை வரை கிரீஸ். இன்னொன்றில் முன் பிரேக்கில் கட்டையே இல்லை. அதை அந்தப் பையன் காலைத் தரையில் தேய்த்தே நிறுத்திக்கொண்டு வந்திருக்கிறான். செருப்பின் அடியைக் காட்டினான், ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி தேய்ந்திருந்தது. லாங்சைஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 21 நிலையங்களையும் எழுதி, பக்கத்தில் டிக் போடக் கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். காலை நாலரைக்குக் கிளம்பி, அந்த இருட்டில், ஹைவேயில் வந்திருக்கிறார்கள்.

ஐந்து வீடுகளுக்கும் நானே போன் செய்தேன். ஒரு தாய், 'ஸ்கூல் பிராக்டீஸ்னுதானே சார் சொன்னான்' என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இரவு ஷிப்ட் முடித்து ஸ்ரீசிட்டியிலிருந்து வந்து படுத்தவர், விடிகாலையில் பையன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் என்ன விசாரிக்க முடியும்? இன்னொரு வீட்டில், 'நான் அந்த வயசுல சூளூர்பேட்டை வரைக்கும் மிதிச்சிருக்கேன், விடுங்க சார்' என்றார் தந்தை. ஐயா, நீங்கள் மிதித்த காலத்தில் அந்த ரோட்டில் இத்தனை வண்டி இல்லை. இன்று எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், எளாவூர் சோதனைச் சாவடியில் மணிக்கணக்கில் நின்று அலுத்துப்போய், விட்ட நேரத்தைப் பிடிக்க வருகின்றன. பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர்கூட இல்லாத சைக்கிளை அந்த டிரைவருக்கு எப்படித் தெரியும்?

இதோடு முடியவில்லை. சம்மதப் படிவங்களில் மூன்று தந்தையரின் கையெழுத்து ஒரே நீல மையில், ஒரே சாய்வில் இருந்தது. அதில் ஒருவர் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து ரேங்க் கார்டு வரை தெலுங்கில் மட்டுமே கையெழுத்துப் போடுபவர். படிவத்தில் அழகான தமிழில் போட்டிருந்தார். வகுப்பாசிரியர் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம், அந்த ஐவரில் ஒருவன் ஹைவேயில் போவதைப் பின்னாலிருந்து வீடியோ எடுத்து, 'எங்க சிங்கம்' என்று வீட்டிலேயே ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்கள் என்பதும் தெரிந்தது. அதாவது, வீட்டில் ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஆகவே ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். பள்ளியின் பயிற்சி மைதானத்துக்குள், பி.இ.டி. ஆசிரியர் முன்னிலையில், செவ்வாய், வியாழன் மாலை மட்டுமே நடக்கும். வேறு எந்த நாளில், எந்த இடத்தில் பிராக்டீஸ் என்று பிள்ளை சொன்னாலும் அது பள்ளியின் பயிற்சி அல்ல. சந்தேகமாக இருந்தால் எந்த நேரத்திலும் எனக்குப் போன் செய்யுங்கள். இனிமேல் பைபாஸில் தனியாக ஏறிய பிள்ளை யாராக இருந்தாலும், எவ்வளவு நன்றாகப் படித்தாலும், பெயர் நீக்கப்படும். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருப்பவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அதே முடிவுதான். சிபாரிசுக்கு யாரும் வர வேண்டாம். சம்மதப் படிவத்தில் இனி தாயோ தந்தையோ நேரில் வந்து, என் மேசையில் வைத்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். தெலுங்கில் போட்டாலும் கைநாட்டு வைத்தாலும் சரி, அது உங்களுடையதாக இருக்க வேண்டும்.

என் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ஆகஸ்டிலிருந்து என்னிடம் தேதி கேட்டார்கள். மூன்று முறை 'யோசிப்போம்' என்றேன், அப்புறம் மழைக்காலம் வந்துவிட்டது. யோசித்துக்கொண்டே இருக்கும் தலைமையாசிரியரை நம்பிப் பயனில்லை என்று அந்த ஐந்து பேருக்குத் தோன்றியிருந்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்களை நீக்கவில்லை. நடந்ததைத் தங்கள் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது மற்றவர்களின் சைக்கிளில் பிரேக், பெல், காற்று பார்ப்பது அவர்கள் வேலை.

தேதி முடிவாகிவிட்டது. பிப்ரவரி மூன்றாம் ஞாயிறு. முதல் நாள் மாலையே சைக்கிள்கள் இரண்டு குட்டியானையில் போய்விடும். பிள்ளைகள் ஆசிரியர்களோடு காலை லோக்கல் ரயிலில் தண்டையார்பேட்டை போவார்கள். ஐந்து பேருக்கு ஒரு ஆசிரியர் டூவீலரில் கூடவே வருவார். ஹெல்மெட் இல்லாமல் யாரும் சைக்கிளைத் தொட முடியாது. இரண்டாம் கட்டப் பணிகளுக்காகப் பல இடங்களில் ரோட்டில் தடுப்பு வைத்திருக்கிறார்கள். சைதாப்பேட்டை – தேனாம்பேட்டை இடையே மேம்பால வேலை வேறு. அந்த இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது விதி. நேரக் கணக்கு கிடையாது, முதல் பரிசும் கிடையாது. ஒவ்வொரு நிலையத்தின் பெயர்ப் பலகை முன்னாலும் ஐவர் குழு முழுவதும் நின்று எடுத்த படம் வேண்டும். நால்வர் மட்டும் நின்றால் அந்த நிலையம் கணக்கில் வராது.

கியர் சைக்கிள் வாங்க வேண்டுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளே போதும். சென்னையில் ஏறுவதற்கு மலையா இருக்கிறது? பிரேக் கட்டை மாற்றி, பின்னால் ரிப்ளெக்டர் ஒட்டிக் கொடுங்கள்.

குட்டியானை வாடகையை ஏற்றுக்கொண்ட இரண்டு பெற்றோருக்கும், ஆளுக்கு இருபது இட்லி அவித்துத் தருகிறோம் என்று தாமாகவே வந்து சொன்ன தாய்மார்களுக்கும் மனமார்ந்த நன்றி. (ஆளுக்கு ஐந்து போதும் அம்மா, இருபது தின்றால் மிதிக்க முடியாது.) அன்று போன் செய்தபோது கோபப்படாமல் உடனே கிளம்பி வந்து பிள்ளைகளை அழைத்துப் போன ஐந்து குடும்பங்களுக்கும் நன்றி. சூளூர்பேட்டை வரை மிதித்த அந்தத் தந்தை ஆட்சேபணை இல்லையென்றால், அன்று பஞ்சர் ஒட்டும் பெட்டியோடு எங்களுடன் வரலாம்.

தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பெற்றோருக்குப் பிள்ளைகளே இதைத் தெலுங்கில் படித்துச் சொல்லவும். தச்சூர் கூட்டுச்சாலை வரும் பத்தியைத் தாண்டிப் போகாமல் முழுவதையும் படிக்கவும்.

கையெழுத்துப் போட இந்த வெள்ளிக்கிழமை வரை மாலை 4 மணி முதல் 6 மணி வரை அறையில் இருப்பேன். ஷிப்ட் காரணமாக வர முடியாதவர்கள் ஞாயிறு காலையில் வாருங்கள். வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்