சர்வர் ஓடுகிறது, சாவி என் பையில்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையின் தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் உங்கள் அங்கத்தினர் ஒருவரின் மகன். பச்சைத் தேயிலை எடையைப் பதிய 14 டேப்லெட் வாங்கினீர்கள். ஒரே மாதத்தில் பாதியில் ரம்மி, மீதியில் யூடியூப். "தம்பி, ஏதாவது பண்ணுப்பா" என்றீர்கள். மாதச் சந்தா கட்டக் கை வரவில்லை என்பதால், ஹெட்விண்ட் எம்டிஎம் என்ற திறமூல மென்பொருளை நாமே நிறுவினோம். எல்லா டேப்லெட்டையும் ஒரே சர்வரிலிருந்து கட்டுப்படுத்துவது அதன் வேலை. ரீசெட் செய்த டேப்லெட்டின் முதல் திரையை ஆறேழு முறை தட்டி, க்யூஆர் கோடைக் காட்டினால் போதும். அதன்பின் எடைச் செயலியைத் தவிர வேறெதுவும் திறக்காது. ரம்மி ஆடியவர்கள் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது கிடக்கட்டும்.

முதலில் அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டரையே சர்வராக்கி, மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரைப் போட்டேன். இரண்டு பெட்டி, அதாவது கன்டெய்னர்: ஒன்றில் எம்டிஎம், இன்னொன்றில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். ஆனால் அலுவலக இணைய இணைப்புக்குத் தனி ஐபி முகவரி இல்லை. பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். வெளியே இருக்கும் டேப்லெட்டுக்கு நம் சர்வர் எங்கே என்றே தெரியாது. போதாததற்கு ஆடிக் காற்று. ஒரு கற்பூர மரம் கம்பிமேல் சாய்ந்தால் அன்று முழுக்கக் கரண்ட் இல்லை. அதனால் வாடகை சர்வருக்கு மாற்றினேன். அவசரத்தில் வாடகை என் கார்டில்; டேப்லெட்டுகள் சர்வரைத் தேடும் இணையப் பெயரான டொமைன் என் பெயரில். தப்பு அங்கேதான் தொடங்கியது.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி அப்டேட் செய்தேன். எந்தக் கன்டெய்னரை எப்படி ஓட்டுவது என்று டாக்கருக்குச் சொல்லும் கம்போஸ் கோப்பில் போஸ்ட்கிரெஸுக்குப் பதிப்பு எண் எழுதாமல் 'லேட்டஸ்ட்' என்று விட்டிருந்தேன். சோம்பல்தான், வேறென்ன. பெரிய பதிப்பு மாறிவிட்டது. பழைய பதிப்பு எழுதிய தரவைப் புதியது தொடவே மறுத்து, எழும்புவதும் விழுவதுமாக இருந்தது. பழைய எண்ணைப் போட்டு ஒரு மணி நேரத்தில் மீட்டேன். எடைச் செயலி டேப்லெட்டிலேயே கணக்கை வைத்துக்கொள்வதால் மறுநாள் காலை கொள்முதல் நிற்கவில்லை. உங்களுக்கு எதுவும் தெரியவும் இல்லை. ஆனால் அந்த நேரம் நான் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் சிக்னல் இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தால்? கன்டெய்னரை நிறுத்தி அகற்றும் கட்டளையோடு '-வி' என்ற எழுத்தை யாராவது கைதவறிச் சேர்த்தால் தரவைச் சேமித்து வைத்திருக்கும் இடமான வால்யூமும் சேர்ந்து போய்விடும். அப்போது காப்புப் பிரதி எங்கே என்று யாரைக் கேட்பீர்கள்? இன்றைக்கு அது என் லேப்டாப்பில் இருக்கிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். எம்டிஎம்முக்குள் நுழையும் பாஸ்வேர்டு என்னிடம் மட்டுமே இருக்கிறது. அந்த ஒரே பாஸ்வேர்டு இருந்தால் 14 டேப்லெட்டிலும் நினைத்த செயலியை ஏற்றலாம், இருப்பதைத் தூக்கலாம். விவசாயிகளின் எடைக் கணக்கு புழங்கும் கருவிகள் அவை. சங்கத்தில் எந்தப் பதவியும் இல்லாத ஒருவன் கையில் அது இருப்பது சரியா? என்னை நம்புகிறீர்கள், சந்தோஷம். நான் கேட்பது நம்பிக்கை இல்லை, பொறுப்பை வாங்கிக்கொள்ளும் ஆள்.

அடுத்த மாதம் வேலைக்குக் கோவை போகிறேன். அதற்குள் டொமைனும் வாடகை பில்லும் சங்கத்தின் பெயருக்கு வந்துவிட வேண்டும். கார்டு காலாவதியாகி, டொமைன் கைவிட்டுப் போனால் டேப்லெட்டுகள் பழைய முகவரியையே தேடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் கையிலெடுத்துத்தான் திருப்ப வேண்டும். பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு முத்திரை வைத்து உங்கள் இரும்புப் பெட்டியில் வையுங்கள். காப்புப் பிரதியை வாரம் ஒருமுறை சங்கத்து ஹார்டு டிஸ்கில் இறக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது அதை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்கவும் வேண்டும். ஏற்றிப் பார்க்காத காப்புப் பிரதியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கொள்முதல் கணக்கு எழுதும் அக்காவுக்குப் பொறுமை அதிகம். எண்ணில் ஒரு புள்ளி பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். செய்ய வேண்டியதை எல்லாம் தமிழிலேயே இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை கடைசி இலை வண்டி வந்து போனபின் லேப்டாப்போடு அலுவலகத்துக்கு வருகிறேன். அக்காவையும், கையெழுத்துப் போடக் குழுவில் ஒருவரையும் இருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் 'கம்ப்யூட்டர் தம்பி'