300 மீட்டர் தள்ளி நின்றே பாருங்கள், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பா,

நேற்று போனில் உங்கள் குரலே சரியில்லை. நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளைச் சுற்றும் கப்பலுக்குப் பணம் கட்டிய பிறகுதான், பனிக்கரடியை நெருங்கக் கூடாது என்ற அந்தப் புது விதி உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. "300 மீட்டருக்கு இந்தப் பக்கம் படகை நிறுத்திவிட்டால் பனிக்கரடி எறும்பு மாதிரிதானே தெரியும்? இதற்கா இவ்வளவு செலவு?" என்று கேட்டீர்கள். அப்போது எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. உங்களைப் போலக் கிளம்புகிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

விதி உண்மைதான். 2025 ஜனவரி 1 முதல் நார்வே அரசு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கரடியிடமிருந்து மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர், மற்ற மாதங்களில் 300 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். நீங்கள் போவது ஜூலைக் கடைசி.

நான் போனது அதற்கு முன்பு. கரையோரம் ஒரு கரடி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ரப்பர் படகு கொஞ்சம் அதிகமாகவே நெருங்கிவிட்டது. கரடி தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. எழுந்தது. கற்கள் மேல் ஏறி, இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. என்னிடம் இருப்பது அதன் முதுகுப் படம். கோடையில் கடல்பனி விலகிப் போனால் அதற்குச் சீல் பிடிப்பது கஷ்டம். பறவை முட்டை, கரை ஒதுங்கிய செத்த விலங்கு என்று கிடைத்ததைத் தின்று, உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்து நாட்களை ஓட்ட வேண்டும். அப்படிப்பட்ட ஜீவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி மேட்டில் ஏறவிட்டோம். அந்தப் படத்தை இன்றுவரை நான் யாருக்கும் காட்டியதில்லை.

அப்புறம், எறும்பு மாதிரியெல்லாம் தெரியாது. உங்களிடம் இருக்கும், எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் அந்த 8×42 பைனாகுலரையே கொண்டுபோங்கள். 300 மீட்டரில் நிற்கும் கரடி அதில் 40 மீட்டருக்குள் நிற்பது போலத் தெரியும். இன்னும் பெரிதாக்கும் கருவி வாங்கலாமா என்று யோசிக்காதீர்கள். ஆடும் படகில் பார்வையும் சேர்ந்து ஆடும். தேடும்போது வெள்ளை நிறத்தைத் தேட வேண்டாம். பனிக்கு நடுவே கரடி பழுப்பேறிய வேட்டி நிறத்தில் இருக்கும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் சொல்ல நினைக்கிறேன். அங்கே ஹின்லோபன் நீரிணையில் ஆல்கெஃபியெல்லெட் என்றொரு பாறைச்சுவர் இருக்கிறது. சுமார் 100 மீட்டர் உயரத்துக்குக் கருங்கல் தூண்களை நெருக்கி நட்டு வைத்தது போல நிற்கும். அதில் ஏறக்குறைய 60,000 ஜோடி கில்லிமாட் என்ற கடற்பறவைகள். கூடு கிடையாது. ஒரு சாண் அகல விளிம்பில், வெறும் கல் மேல், ஒரு முனை கூர்த்த ஒரே ஒரு முட்டை. பறவைப் பாறைகளுக்கு 500 மீட்டருக்குள் படகு 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டக் கூடாது என்பதால் மெதுவாகத்தான் போவீர்கள். முதலில் எச்சத்தின் வாடை மூக்கைத் துளைக்கும். பிறகு சத்தம், ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒன்றாக உறுமுவது போல. ஓட்டுநர் இன்ஜினை அணைத்ததும் படகு தானாக மிதக்கும். தலைக்கு மேல் பறவைகள் தேனீக்கூட்டம் போலப் போகும், வரும். பக்கத்தில் நீந்தும் ஒன்று சட்டென்று முங்கும். தெளிந்த தண்ணீரில் அது சிறகடித்துக் கீழே பறப்பதைப் படகிலிருந்தே பார்க்கலாம். அங்கே கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள். வேடந்தாங்கலில் என்னிடம் சொல்வீர்களே, "முதலில் சும்மா நின்று பார்" என்று, அதேதான்.

படகில் ஏறுவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், பொருட்கள் எல்லாம் முதுகுப் பைக்குள். படகுக்காரர் கை நீட்டினால் உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள், முழங்கைக்குக் கீழே பிடியுங்கள். அவரும் அப்படியே பிடிப்பார், நழுவாது. உள்ளே இறங்கியதும் ஓரத்துக் காற்றுக்குழாய் மேல் உட்கார்ந்துவிட வேண்டும், கேட்காமல் எழக் கூடாது. உட்காரும் இடம் நனையும், தண்ணீர் புகாத கால்சட்டை கட்டாயம். உள்ளே கம்பளி போடுங்கள், பருத்தி வேண்டாம்.

உங்கள் தேதி நல்ல தேதி, சித்தப்பா. ஜூலைக் கடைசியில்தான் கில்லிமாட் குஞ்சுகள் கடலில் குதிக்கத் தொடங்கும். மூன்று வார வயது, பறக்கத் தெரியாது. கூடவே வந்து கூப்பிடுவது அப்பா பறவை. கூப்பிட்டதும் அந்த உயரத்திலிருந்து குஞ்சு குதிக்கும். தரையில் விழுந்தால் நரி காத்திருக்கிறது. தண்ணீரில் விழுந்தால் அப்பனும் பிள்ளையும் சேர்ந்து நடுக்கடலுக்கு நீந்திப் போய்விடுவார்கள். நான் போனபோது அந்தக் காலம் இன்னும் வரவில்லை, ஒன்றுகூடக் குதிக்கவில்லை.

நீங்கள் பார்த்துவிட்டால், ஸ்வால்பார்ட்டின் முக்கிய ஊரான லாங்யியர்பியென் திரும்பி சிக்னல் கிடைத்தவுடன் எனக்குப் போன் செய்யுங்கள். இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை. கரடி கதையை அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.