சுவர் விரிந்த தேதி

மேற்கு மாம்பலம், சென்னை
2-11-2025

அன்புள்ள வசந்தா,

இங்கு அனைவரும் நலம். நீயும் அண்ணாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் சித்திரை மாதக் கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். அதற்கு நீ என்ன சொல்லுவாய் என்பதும், அதைப் பெரிய டீச்சரின் குரலில்தான் சொல்லுவாய் என்பதும் எனக்குத் தெரியும். மாவடு வந்து சேர்ந்தது, தீர்ந்தும் போயிற்று.

எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை, நான் சிட்டி சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டேன். ரேஷன் கடை வரிசையில்கூடச் சண்டை போடத் தெரியாதவள் என்று என்னைச் சொல்லிக்கொண்டிருந்தாயே, இப்போது நான் வாதி. பக்கத்து மனையில் அடுக்குமாடி கட்டியவர் முதல் பிரதிவாதி.

கதையின் முன்பாதி உனக்குத் தெரியும். 2022 ஜூனில் பக்கத்துப் பழைய வீட்டை இடித்தார்கள். ஆகஸ்டில் கார் நிறுத்துவதற்கென்று பன்னிரண்டு அடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினார்கள். எங்கள் காம்பவுண்டுச் சுவரிலிருந்து நான்கு அடி தள்ளி அந்தப் பள்ளத்தின் விளிம்பு. மண் சரியாமல் இருக்க முறையான தடுப்பு எதுவும் இல்லை. சவுக்குக் கம்பும் தகரமும்தான். கூடத்துச் சுவரில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தபோது, அவர்களுடைய பொறியாளர் வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அது வெறும் பூச்சு வெடிப்பு என்றார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு அந்தப் பக்கத்துத் தரை இரண்டு அங்குலம் இறங்கியது; பூஜை அறைக் கதவு சாத்த முடியாமல் போயிற்று; காம்பவுண்டுச் சுவர் அவர்கள் பக்கமாகச் சாய்ந்தது. கட்டியவர் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் காபி குடித்தார். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் சரிசெய்து தருவதாகச் சொன்னார். வேலை முடிந்தது, பிளாட்டுகள் விற்றன, தொலைபேசி எண் மாறியது.

பின்பாதியைக் கேள். ஆடிப்பெருக்கு கழிந்து சில வாரங்களில், இவருடைய அலுவலக நண்பரான ஒரு வக்கீலிடம் போனோம். அவர் ஐந்தே நிமிடத்தில், இப்படிப்பட்ட நஷ்ட ஈட்டு வழக்குக்கு 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி 3 ஆண்டுகள்தான், பள்ளம் தோண்டியது 2022 ஆகஸ்ட், ஆகவே இந்த ஆகஸ்டோடு முடிந்துவிட்டது, போய் நிம்மதியாக இருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நிம்மதி! முப்பத்திரண்டு வருடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 1526, 1556, 1761 என்று பானிபட் போர்களை ஒப்பிக்கும்படி பிள்ளைகளைப் பழக்கிய நான், என் சொந்தச் சுவர் விரிந்த தேதியை எங்கும் குறித்து வைக்கவில்லை என்பதை நினைத்து இரண்டு மாதம் சரியாகத் தூங்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் சுபா வந்தாள். எந்தச் சுபா என்று கேட்காதே. நீ அரையாண்டுக் கணக்குத் தேர்வில் முப்பத்திநான்கு போட்டு, ஒரு மதிப்பெண் தரமாட்டேன் என்று நின்றாயே, அதே சுபாதான். இப்போது அவள் பத்து வருட அனுபவமுள்ள வக்கீல், அதிலும் நாள் கணக்குப் பார்ப்பதில் புலி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "டீச்சர், தோண்டிய தேதி இருக்கட்டும், சேதமான தேதியைச் சொல்லுங்கள்" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஒருவன் தன் மனையில் தோண்டுவது மட்டும் குற்றமில்லை. தோண்டியதால் அடுத்தவன் நிலம் பிடிமானம் இழந்து உண்மையான சேதம் அடையும்போதுதான் வழக்குப் போடும் உரிமையே பிறக்கிறது. அடுத்தவர் நிலத்தின் மேல் நமக்குள்ள உரிமைகளைச் சொல்லும் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, பிடிமானத்தை நீக்கிய ஒன்றுக்காகவே நஷ்ட ஈடு கேட்க முடியாது, கணிசமான சேதம் உண்மையில் ஏற்பட்ட பிறகுதான் கேட்கலாம் என்கிறது. காலவரையறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதற்கு இசைவாக, குறிப்பிட்ட சேதம் விளைந்தால்தான் வழக்காகும் என்ற வகைச் செயல்களுக்கு அந்தச் சேதம் விளைந்த நாளிலிருந்தே காலத்தைக் கணக்கிட வேண்டும் என்கிறது. 1908ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் இதற்கு ஓர் உதாரணமே இருந்ததாம்: மேல்நிலம் ஒருவனுக்கு, அடிநிலம் இன்னொருவனுக்கு, அவன் நிலக்கரி தோண்டுகிறான், மேலே உடனடியாக ஒன்றும் தெரியவில்லை, கடைசியில் நிலம் அமிழ்கிறது, காலம் ஓடத் தொடங்குவது அமிழ்ந்த நாளிலிருந்து. 1963இல் உதாரணங்களை நீக்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால், சட்டத்தில் பாமரனுக்குப் புரியக்கூடிய பகுதி அது ஒன்றுதான்.

ஆனால் கணிசமான சேதம் என்றைக்கு ஏற்பட்டது? இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். தரை இறங்கியது 2023 டிசம்பரில் என்றால், 2026 டிசம்பர் வரை கால அவகாசம் இருக்கிறது. கோடு விழுந்ததே சேதம்தான் என்று எதிர்த்தரப்பு சொன்னால், அந்தக் கோடு விழுந்த நாள் வேண்டும். பேத்தி தன் கைபேசியைக் குடைந்து இரண்டு படங்களை எடுத்தாள். 2022 அக்டோபர் முதல் வாரத்தில் எடுத்த கொலுப் படத்தில், மரப்பாச்சிகளுக்குப் பின்னால் சுவர் பளிச்சென்று இருக்கிறது. அவ்வாண்டு கார்த்திகை தீபத்தன்று, டிசம்பர் 6, எடுத்த படத்தில் அகல் வெளிச்சத்தில் அந்தக் கோடு தெளிவாகத் தெரிகிறது. ஆகவே கோடு பிறந்தது இந்த இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு நாளில். அந்தக் கோட்டிலிருந்தே எண்ணினாலும் அபாயம் குறைவாக இருக்கட்டும் என்றுதான், சுபா தீபாவளி விடுமுறை முடிந்த கையோடு உட்கார்ந்து தயாரித்து, 31ஆம் தேதி தாக்கல் செய்தாள். அக்டோபர் மாதத்துக்குள்ளேயே கோடு விழுந்திருந்தது என்று அவர்கள் நிரூபித்தால் சிக்கல்தான். அதற்கு அவர்களிடம் எங்கள் கூடத்துச் சுவரின் படம் வேண்டுமே!

அதற்கும் அவள் ஒரு பதில் வைத்திருக்கிறாள், இது உனக்குப் பிடிக்கும். இங்கிலாந்தில் ஒரு சுரங்கக் கம்பெனி 1868 வரை நிலக்கரி எடுத்தது. மேலே இருந்த நிலம் அமிழ்ந்து வீடுகள் சேதமாயின, கம்பெனி ஈடு செய்தது. பதினான்கு வருடம் கழித்து 1882இல் அதே நிலம் மறுபடியும் அமிழ்ந்தது. காலம் கடந்துவிட்டது என்று கம்பெனி வாதாட, அன்றைக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1886இல் ஒவ்வொரு புதிய அமிழ்வும் புதிதாக வழக்குப் போடுவதற்கான காரணம் என்று தீர்ப்பளித்தது. அதன்படி பார்த்தால் என் 2022ஆம் ஆண்டுக் கோடு காலாவதியானாலும், 2023ஆம் ஆண்டு அமிழ்வு தனியாக நிற்கும். விக்டோரியா மகாராணியின் காலத்தைப் பாடமாக நடத்தியவளுக்கு, அந்தக் காலமே கைகொடுக்க வருகிறது பார்.

இவ்வளவும் நல்ல செய்தி. கெட்ட செய்தியும் ஒன்று உண்டு, அதை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. நிலத்துக்கு அக்கம்பக்கத்து மண் தரும் பிடிமானம் இயற்கையான உரிமை. ஆனால் அந்த நிலத்தின் மேல் நாம் கட்டிய வீட்டின் பாரத்துக்கும் பிடிமானம் வேண்டும் என்றால், 20 வருடம் இடையூறில்லாமல் அனுபவித்திருக்க வேண்டும். எங்கள் வீடு 1988இல் கட்டியது, ஆகவே 20 வருடம் எப்போதோ கடந்தாயிற்று என்று நான் பெருமையாகச் சொன்னேன். சுபா அதே வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படித்துக் காட்டினாள்: அந்த 20 வருடம், வழக்குப் போடுவதற்கு முந்தைய 2 வருடத்துக்குள் முடிவதாக இருக்க வேண்டும். பிடிமானம் போனது 2022 ஆகஸ்டில் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டால், அந்த வழி 2024 ஆகஸ்டிலேயே அடைபட்டுவிட்டது. அந்த ஆகஸ்டில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? கட்டியவருக்கு மூன்றாவது காபி போட்டுக்கொண்டிருந்தேன். ஆகையால் வழக்குரையில் முதலில் கவனக்குறைவும், நிலத்தின் இயற்கை உரிமையும்தான் நிற்கின்றன. வீட்டுப் பாரத்தின் உரிமை, இருந்தால் இருக்கட்டும் என்று பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வாய்வார்த்தையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலம் முடிவதற்குள் பொறுப்பை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் காலம் புதிதாகத் தொடங்கும் என்று காலவரையறைச் சட்டத்தில் 18ஆம் பிரிவு இருக்கிறது. காபிக்குக் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் காலம் நிற்கும் என்று நான் நினைத்திருந்தேன். தனியார் விஷயத்தில் அதுவும் நிற்காது. ஹைகோர்ட்டு அப்பீல்களில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடுவதைக் கேள்விப்பட்டிருப்பாய். 5ஆம் பிரிவின் அந்தச் சலுகை, என்னுடையதைப் போல முதலில் போடும் மூல வழக்குக்குக் கிடையாது. பிரதிவாதி வாயே திறக்காவிட்டாலும், காலம் கடந்த வழக்கைக் கோர்ட் தானே தள்ளியாக வேண்டும்.

இதையெல்லாம் பாடமாக நடத்துவதற்காக எழுதவில்லை, வசந்தா. உன் சித்திரைக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை நேற்று மறுபடியும் படித்தேன். உன் தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டியதில் முன்பக்கத் தூண் விரிந்துவிட்டது, திங்கள்கிழமைதோறும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்து வருகிறேன், ரசீதுகளைக் கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறேன் என்று அத்தனை நிதானமாக எழுதியிருந்தாய். நான் சுபாவிடம் கேட்டேன். அவள் முகம் மாறியது. ஒரு சட்டத்தின்படி செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு நஷ்ட ஈடு கேட்பதானால், காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் 72ஆம் இனம் 3 வருடம் தரவில்லை. ஒரே ஒரு வருடம்தான். அதுவும் அந்த இனத்தின் வாசகப்படி, செயல் நடந்த நாளிலிருந்து. கவனக்குறைவாகத் தோண்டியது அந்த இனத்தில் அடங்காது என்று வாதிட இடமுண்டு என்றாள். ஆனால் வாதிட இடமுண்டு என்று ஒரு வக்கீல் சொன்னால், தோற்கவும் இடமுண்டு என்றுதான் இந்த இரண்டு வாரத்தில் நான் அர்த்தம் கற்றுக்கொண்டேன். சட்டப்படி முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டிய இடங்களில் அந்த நோட்டீஸுக்குரிய காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். திங்கள்கிழமை மனுக்களுக்கு அப்படி ஒரு கழிவும் இல்லை.

குழாய் பதிக்கத் தோண்டியது மாசி மகத்தை ஒட்டி என்று எழுதியிருக்கிறாய். தேதியாகச் சொல். ஒப்பந்ததாரர் வைத்த பலகையின் படமோ, உன் பால் கணக்கு நோட்டில் "தெரு தோண்டினார்கள், பால் தாமதம்" என்பது போன்ற குறிப்போ, எது இருந்தாலும் எடுத்து வை. மாசிக்கு இன்னும் மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமாகத்தான் இருக்கிறது. கணக்கு டீச்சர் நீ, எண்ணிப் பார்.

இன்னொன்று. தூணின் விரிசல் மேல் குறுக்காக ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லைச் சிமெண்டால் ஒட்டி, அருகில் தேதியை எழுதிவிடு. சில்லு உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது என்று தெரியும். எங்கள் பொறியாளர் செப்டம்பரில் ஐந்து ஒட்டினார், இரண்டு உடைந்துவிட்டன. அவை அப்படியே இருக்க வேண்டும் என்று வேலைக்காரப் பெண்ணிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் வழக்கோடு சேர்த்து, வீட்டை நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு வக்கீல் கமிஷனரை நியமிக்கும்படியும் மனுப் போட்டிருக்கிறோம். அவர் வரும் வரை சுவரைப் பூசக் கூடாது. இவர் வெள்ளையடிக்காமல் பொங்கலா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

கோர்ட் கட்டணம் நூற்றுக்கு மூன்று ரூபாய். கேட்டிருப்பது பதினான்கு லட்சம். பெருக்கிப் பார்த்துவிட்டு, நான் பென்ஷனிலிருந்து எடுத்தேனா, வளையலிலிருந்து எடுத்தேனா என்று கேட்காதே.

சுபாவின் எண்ணைத் தனியாக அனுப்புகிறேன். பேசும்போது அந்த ஒரு மதிப்பெண்ணைப் பற்றி நீயாக எடுக்காதே, அவள் எடுப்பாள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே தோண்டிய தேதியை எழுதி அனுப்பு.

உன்,
கமலா