பெரிய கணக்குக்குப் பெரிய கணினிதான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினி எப்படிக் கற்கிறது என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை, வியாசர்பாடியில் நான் எடுக்கும் மாலை வகுப்பில் வாசித்தோம். லட்சக்கணக்கான மாறிகள் உள்ள கணக்குக்கு ராட்சதக் கணினிகள்தான் வேண்டும் என்று அதில் இருந்தது. "அப்போ அது நமக்கில்ல மிஸ்" என்றாள் ஒரு மாணவி. அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்தக் கணக்குகளில் நாம் தேடுவது, ஒரு பள்ளத்தில் மிகத் தாழ்வான இடத்தைப் போல, பிழை மிகக் குறைவான விடையை. அதற்குச் சரிவு அதிகமான பக்கமே இறங்குவது 1847-இல் பிரெஞ்சுக் கணிதர் கோஷி சொன்ன வழி. காசிமேட்டில் கரையேற்றிய ஃபைபர் படகின் உள்சுவரில் ஓர் எறும்பு நிற்கிறது என்று வையுங்கள். அது போக வேண்டிய தாழ்வான இடம் நீளவாக்கில், தள்ளி இருக்கிறது. ஆனால் செங்குத்துச் சரிவு எதிர்ச்சுவர்ப் பக்கம்தான் இழுக்கும். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக அலைந்தே எறும்பு களைத்துவிடும்.

பள்ளத்தின் வளைவும் தெரிந்தால் நேரே போகலாம். நியூட்டன் முறை அதைத்தான் செய்கிறது. ஆனால் 10 லட்சம் மாறிகளுக்கு அந்த வளைவைக் குறிக்கும் அணியில், அதாவது எண்களின் சதுரக் கட்டத்தில், 1 லட்சம் கோடி எண்கள். எண்ணுக்கு 8 பைட் என்றால் 8 டெராபைட்! இரு பாதியும் ஒன்றேபோல் இருக்கும் சமச்சீர் அணி என்று பாதியை விட்டாலும் 4 டெராபைட். எங்களிடம் இருப்பது 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினி.

இங்கேதான் 1980-இல் கணித ஆய்வாளர் ஹோர்ஹே நொசெடால் வெளியிட்ட யோசனை கைகொடுக்கிறது. முழு அணியையும் வைத்துக்கொள்ள வேண்டாம். கடைசிச் சில அடிகளில் எவ்வளவு நகர்ந்தோம், அப்போது சரிவு எவ்வளவு மாறியது, இவ்வளவுதான் நினைவில் வேண்டும். வளைவை அதிலிருந்தே ஊகித்துவிடலாம். 10 அடிகளுக்கு 2 கோடி எண்கள், அதாவது 160 எம்பி. எல்-பிஎஃப்ஜிஎஸ் (L-BFGS) என்ற பெயரில் இன்று உலகெங்கும் ஓடுவது இதுதான்.

கரும்பலகையில் அந்தப் பெருக்கலைப் போட்டதே அந்த மாணவிதான். அப்புறம், நீண்டு வளைந்த பள்ளம் கொண்ட சோதனைக் கணக்கான ரோசன்பிராக் சார்பை 10 லட்சம் மாறிகளுக்கு விரித்து, அதே பழைய கணினியில் ஓட்டினோம். கொஞ்ச நேரத்தில் விடை வந்துவிட்டது. கோஷியின் வழியோ ஆயிரம் அடி கடந்தும் பள்ளத்திலேயே ஊர்ந்துகொண்டிருந்தது.

இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடிப்படையான நரம்பு வலைப்பின்னல்களுக்குப் பெரும்பாலும் வேறு முறைகள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வானிலைக் கணிப்பில் அளவீடுகளை மாதிரியோடு பொருத்த இந்த வகை முறைகள் பயன்படுகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

சிக்கனமாகக் கணக்குப் போடும் இந்த வழிகளைப் பற்றியும் உங்கள் இதழில் ஒரு தொடர் வெளியிடுங்கள். தமிழில் வந்தால் வகுப்பில் அப்படியே வாசித்துக்காட்டுவேன்.

கணித ஆசிரியை,
வியாசர்பாடி, சென்னை - 39.